இத்தாலியர் மனமும் நம் சொற்களும்

வீரமாமுனிவரை அறியாத தமிழ் மாணவி இருக்க முடியாது. வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு பிறந்து, 1710-இல் இந்தியா வந்து, தேம்பாவணி பாடியவர். பழைய தென்னார்க்காட்டில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர். 1732-இல் சதுரகராதி தொகுத்து, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் தந்தார். அவருடைய தாய்மொழியில் மனத்தின் உணர்ச்சிகளைக் கூறும் சொற்களை நம் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்க்க நாங்கள் நால்வர் உட்கார்ந்தோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடியதில் முதல் நாள் வீணாயிற்று.

'அப்பியோக்கோ' மட்டும் எளிதாகக் கிடைத்தது. வயிறாரச் சாப்பிட்டபின் கண்ணைச் சொக்கவைக்கும் சுகம் அது. நம் உண்ட மயக்கமேதான்! அடைகாக்கும் கோழியின் பெயரிலிருந்து பிறந்த சொல்லாம். மதியம் முதல் பாடவேளையில் எங்கள் வகுப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

'கம்பானிலே' என்றால் கோயில் மணிக்கூண்டு. அதிலிருந்து 'கம்பனிலிஸ்மோ' வந்தது. தன் ஊர் மணிக்கூண்டே உயர்ந்தது என்னும் பற்று. எங்களில் மூவர் விழுப்புரம், ஒருத்தி திண்டிவனம். புதுச்சேரிக்கு இரயில் பிரியும் சந்திப்பு எங்களுடையது என்போம் நாங்கள். புளியங்காட்டால் பெயர் பெற்ற ஊர் எங்களுடையது என்பாள் அவள். இதற்கு 'ஊர்ப்பற்று' என்று எழுதினோம். ஆனால் அந்த வீம்பு அதில் வரவில்லை.

எங்களை மிகவும் திணறடித்தது 'மகாரி'. 'ஒருவேளை' என்றும் பொருள். 'அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!' என்ற ஏக்கமும் அதிலே உண்டு. "இந்த ஆண்டு சுற்றுலா போவீர்களா?" என்று கேட்டால் இத்தாலியர் பெருமூச்சுடன் "மகாரி!" என்பார். நம் வீட்டில் என்ன சொல்வார்கள்? "அதற்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே!" என்பார்கள். பின்னர்தான் ஒரு வியப்பு. மகாரி கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மலைப்பொழிவில் 'பேறுபெற்றோர்' என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலநூலில் உள்ள கிரேக்கச் சொல்லும் அதே குடும்பம். பேறு பெறுவதும் கொடுத்து வைப்பதும் ஒன்றுதானே! நாங்கள் கைதட்டிவிட்டோம்.

'மி மாங்கி' என்பது பிரிந்தவரிடம் சொல்வது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'நீ எனக்குக் குறைகிறாய்' என்று வரும். தமிழில் அது கணக்குப் பாடம் போல் இருக்கிறது. அப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் திண்டிவனத்துத் தோழி மெல்லச் சொன்னாள்: "எங்கம்மா 'நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு'ன்னு சொல்லுவாங்க." அதையே எழுதிக்கொண்டோம்.

கடைசிச் சொல் 'மகோனே'. வட இத்தாலியப் பேச்சில் கோழியின் இரைப்பைக்குப் பெயர். (இவர்களுக்குக் கோழிமேல் என்ன பிரியமோ!) அழுகை வராமல், பேச்சும் வராமல், நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே கல்போல அடைத்து நிற்கும் துயரத்தை அப்படிச் சொல்கிறார்கள். இதை வாசித்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். ஞாயிறு மாலை வீட்டிலிருந்து திரும்பினால் இரவு உணவுவரை அவள் ஒருவரிடமும் பேசமாட்டாள். கர்வம் என்றே இரண்டு ஆண்டுகளாக நாங்கள் நினைத்திருந்தோம்.

"கர்வம் இல்லடி, இதுதான்" என்றாள்.

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும், "அடுத்த திங்கட்கிழமையும் விடுமுறை விட்டால்?" என்று கேட்டாள்.

"மகாரி!" என்றாள் திண்டிவனத்துக்காரி.