திருகோணமலைக்குப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

கொழும்பில் அடைமழை, காலியில் கடல் கொந்தளிப்பு. அதே ஜூன் மாதத்தில், அதே தீவில், திருகோணமலையில் சுள்ளென்ற வெயில், குளத்து நீர் போலச் சலனமற்ற கடல்! ஒரே நாட்டில் இரண்டு பருவங்களா? ஆமாம்! இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் அதன் நடுவே மலைநாடு எழுந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் அந்த மலைகளின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கிழக்குக் கரைக்கு வந்து சேர்வது வறண்ட கச்சான் காற்று மட்டுமே!

எப்போது போக வேண்டும் தெரியுமா?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை! அதுதான் கடல் அமைதியாக இருக்கும் காலம். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு வடகீழ்ப் பருவமழை வரும். படகுப் பயணங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். "டிசம்பர் விடுமுறைதானே" என்று நிலாவெளிக் கடற்கரையில் அறை பதிந்துவிட்டு, அலையைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்!

தூங்கி எழுந்தால் திருகோணமலை!

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயில் ஏறினால், விடியும்போது திருகோணமலைப் பக்கம் வந்திருப்பீர்கள். இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். கண்டியிலிருந்து வருபவர்களுக்கு தம்புள்ளை, ஹபரணை வழியாக பஸ் இருக்கிறது. ஹபரணைப் பக்கத்துக் காட்டில் யானைகள் வீதியைக் கடக்கும்! வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம், வாழைப்பழம் நீட்டவும் வேண்டாம். உணவு கொடுத்துப் பழக்கிய யானை வீதியை விட்டுப் போகாது. அதனால் மனிதருக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

தெற்கே மூதூர், மட்டக்களப்புப் பக்கம் போகிறீர்களா? ஒரு காலத்தில் கிண்ணியாவில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்து நின்று, அதில் ஏறித்தான் நீரைக் கடக்க வேண்டியிருந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. நீளம் 396 மீற்றர்! இலங்கையின் மிக நீளமான பாலம் என்ற பெயரோடு அது வந்தது.

கரைக்குப் பக்கத்திலேயே பாதாளம்!

உலகின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை என்பது பலருக்குத் தெரியும். ஏன் இவ்வளவு ஆழம் என்பது தெரியுமா? மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அது இறங்கி இறங்கி 3,000 மீற்றருக்கும் கீழே போய்விடுகிறது!

ஆழ்கடல் இப்படிக் கரைக்கு அருகே வந்துவிட்டதால்தான் திமிங்கிலங்களும் அருகே வருகின்றன. பூமியில் இதுவரை வாழ்ந்த உயிர்களிலேயே மிகப் பெரியதான நீலத் திமிங்கிலத்தை மே முதல் ஓகஸ்ட் வரை இந்தக் கடலில் காணலாம். அதிர்ஷ்டம் இருந்தால் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் நின்றே, அது மூச்சுவிடும்போது நீர்த்திவலைகள் பீறிடுவதைப் பார்க்கலாம்! படகில் போவதானால் அதிகாலையிலேயே புறப்படுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். திமிங்கிலத்தைத் துரத்தும் படகோட்டியிடம், "தூரத்திலேயே நிறுத்துங்கள் அண்ணை" என்று சொல்லுங்கள்.

கோயில் மலை மேலே, தூண்கள் கடலுக்குள்ளே!

ஈழத்தின் இரண்டு பாடல்பெற்ற தலங்களில் ஒன்று திருக்கோணேச்சரம். மற்றையது மன்னாரின் திருக்கேதீச்சரம். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய இந்தக் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலுக்குள் போயிற்று. 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன! 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடிவாரக் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களைக் கண்டார்கள். மீண்டும் எழுந்த கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

கோயிலுக்குப் போகும் வழி பிரட்ரிக் கோட்டையின் வாசலுக்குள்ளால்தான். உள்ளே புள்ளிமான்கள் அச்சமில்லாமல் திரியும்! தோளையும் முழங்காலையும் மூடும் உடை உடுத்துங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் உச்சி வெயிலில் போகாதீர்கள், பாறை கொதிக்கும். காலையோ மாலைப் பூசையோ உத்தமம். பக்கத்திலேயே இராவணன் வெட்டு எனும் பாறைப் பிளவு. எட்டிப் பார்க்கும்போது குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

எரிமலையே இல்லாத நாட்டில் ஏழு வெந்நீர்க் கிணறுகள்!

நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றரில் கன்னியா. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு! மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வாளால் குத்தியபோது ஊற்று பிறந்தது என்பது ஐதிகம். சைவர்கள் பலர் இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய இங்கே வருகிறார்கள். ஆகவே வாளியால் அள்ளிக் குளியுங்கள்; சவர்க்காரமும் கூச்சலும் வேண்டாம்.

சுறாவோடு நீந்தலாம்!

நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு. பிரித்தானியக் கடற்படை சுட்டுப் பழகிய இந்தத் தீவு, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று! இங்குள்ள கருமுனைச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சாதுவான வகை. நுழைவுச்சீட்டுக் கட்டணம் வேறு, படகுக் கூலி வேறு. ஏறும் முன் இரண்டையும் கேட்டுத் தெளியுங்கள். பவளப்பாறை உயிருள்ளது. அதன்மேல் ஒருபோதும் கால் வைக்காதீர்கள்.

உலகக் கதைகள் உறங்கும் மண்!

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்லஸ் ஆஸ்டின், கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தார். கல்லறை எங்கே? திருகோணமலை நகரில்! 1660இல் மூதூர்ப் பக்கம் கரையிறங்கி, கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கிய ரொபர்ட் நொக்ஸ், 1679இல் தப்பினார். 1681இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் ஐரோப்பாவுக்கே இலங்கையைக் காட்டியது! 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. அதே நாளில்தான் விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பலான 'ஹேர்மீஸ்' மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

கையில் வைத்துக்கொள்ள:

- இந்தியாவிலிருந்து வருபவர் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை; இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்!
- பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. வங்கி மூடியிருக்கும், மதுக்கடை திறக்காது.
- பொலிஸ் 119. அம்புலன்ஸ் 1990, அதுவும் இலவசம்!
- கடற்படைத் தளத்தையும் காவலரண்களையும் படம் எடுக்காதீர்கள்.
- ஓட்டோவில் ஏறும் முன் கூலியைப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம்!

போரையும் 2004 ஆழிப்பேரலையையும் தாண்டி எழுந்த ஊர் இது. இங்கே தங்குங்கள், இந்த ஊர்க்காரரின் சாப்பாட்டுக் கடையில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுங்கள், அவர்கள் படகில் ஏறுங்கள். கொண்டுபோன பிளாஸ்திக் போத்தலை மறக்காமல் திருப்பி எடுத்து வாருங்கள்!