கிள்ளினால் கையில் வருவது

சித்தி மகள் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். வயது 38, எடை 82 கிலோ, இரண்டு பிள்ளைகள். “அக்கா, கத்தியும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாமாம். ஒரு மணி நேரம் படுத்திருந்தால் போதும், கொழுப்பை உறைய வைத்தே எடுத்துவிடுவாங்களாம். எனக்குச் சரிப்படுமா?”

சரிப்படும், சரிப்படாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிகிச்சை பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

1970இல் எப்ஸ்டைன், ஓரென் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கைக்குழந்தையைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். குச்சி ஐஸ் சப்பிய குழந்தை அது. பிறகு கன்னம் சிவந்து, உள்ளே கட்டி போலத் தடித்திருந்தது. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு குளிரில் சேதப்பட்டதுதான் காரணம். குளிர்காலத்தில் இறுக்கமான உடையோடு மணிக்கணக்கில் குதிரையேறிய பெண்களின் தொடையிலும் பின்னாளில் வேறு மருத்துவர்கள் இதே போன்ற தடிப்பைப் பார்த்தார்கள்.

தோலைத் தாண்டிப் போன குளிர் கொழுப்பை மட்டும் ஏன் தேடிப் பிடித்தது? மார்கழிக் காலையில் குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கும். பக்கத்திலேயே வாளியில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். இரண்டுக்கும் ஒரே குளிர்தான். ஆனால் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கிறது, தண்ணீருக்கோ பூஜ்ஜியம் வரவேண்டும். நம் தோலும் தசையும் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்புச் செல் என்பது ஏறக்குறைய முழுவதும் ஒரே ஒரு எண்ணெய்த் துளி. தோல் தாக்குப்பிடிக்கிற குளிரிலேயே அந்தத் துளி இறுகிவிடுகிறது.

பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார்கள். பன்றிகளின் தோலை அளவாகக் குளிரவைத்தபோது மேல்தோல் அப்படியே இருக்க, அடியில் கொழுப்புப் படலம் மெலிந்தது. 2008இல் அதை வெளியிட்டார்கள். 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இடுப்பின் பக்கவாட்டு மடிப்புகளுக்கு இந்த முறையை அனுமதித்தது. வயிறும் தொடையும் பின்னால் சேர்ந்துகொண்டன.

ஒரு கப்பு மடிப்பை உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் குளிர் இறங்கும். கப்பை எடுக்கும்போது மடிப்பு வெண்ணெய்க்கட்டி போல விறைத்து நிற்கும். அதைப் பிசைந்து விடுவார்கள். ‘கரைக்கிறோம்’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, உள்ளே எதுவும் கரைவதில்லை. காயப்பட்ட செல்கள் அடுத்த சில நாட்களில் தாமாகவே மடிகின்றன. உடலின் துப்புரவுச் செல்கள் வாரக்கணக்கில் வந்து அவற்றை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த இடத்துக் கொழுப்புப் படலம் சுமார் 20 முதல் 25 சதவீதம் மெலிந்திருக்கும்.

இங்கேதான் நான் தங்கையை உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டேன். 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள இடம். கொழுப்பின் தடிமன் 3 சென்டிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 6 மில்லிமீட்டர். பெருக்கினால் 120 மில்லிலிட்டர். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால் எடையில் 110 கிராமுக்கும் குறைவு. அடுக்களைக்குப் போய் காபி டம்ளரில் அந்த அளவு எண்ணெய் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். 82 கிலோவில் இந்த டம்ளர் காணாமல் போனால் எடை மிஷினுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் இடுப்பில் ஒரே ஒரு மடிப்பு மட்டும் பிடிவாதமாக நிற்கிறவளுக்கு, புடவை கட்டும்போது இந்த டம்ளர் நன்றாகவே தெரியும். அதனால்தான் இதை எடை குறைக்கும் வழியாகச் சொல்லக்கூடாது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. 30க்குள் இருந்து, எடையும் நிலையாக நிற்கிறவர்களுக்கே இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

எடையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கொழுப்பு? தோலுக்கடியில் இருப்பது கிள்ளினால் கையில் வரும். வயிற்றுத் தசைக்குப் பின்னால், குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பது கையில் வராது. அந்தக் கப்பும் அதைத் தொடமுடியாது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுவது இந்த உள்கொழுப்புதான். 2004இல் சாமுவேல் க்ளைனின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. பருமனான 15 பெண்களுக்கு அறுவை முறையில், உறிஞ்சிக் குழாய் வழியே, ஏறக்குறைய 10 கிலோ தோலடிக் கொழுப்பை எடுத்தார்கள். 10 கிலோ! சில வாரம் கழித்துச் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் விதமும் ரத்த அழுத்தமும் முன்பு இருந்தபடியேதான் இருந்தன. அப்படியிருக்க, ஒரு டம்ளரிடம் ஆரோக்கியத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

நம்மவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். புனேயில் ஆய்வு செய்யும் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் உள்ளே சேர்த்துவைக்கும் உடல்வாகு நம்முடையது. அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

குளிர் முறைக்கு ஒரு பெருமையும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐ விதைத்துவிட்டன. அது பயிருக்கும் சோற்றுக்கும் போய், நம் செல்களின் மரபணுவுக்குள்ளும் புகுந்தது. அதையே கடிகாரமாக வைத்து, ஸ்வீடனில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கின் குழு கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டது. 2008இல் வந்த அந்த முடிவை முதலில் படித்தபோது சிலிர்த்துப்போனேன். பெரியவர்களிடம் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கொழுப்புச் செல்கள் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. நிறைய எடை குறைத்தவர்களிடமும் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. பட்டினி கிடந்தும் அழிக்கமுடியாத செல்லைக் குளிர் அழிக்கிறது. ஆனால் மிஞ்சிய செல்கள் சும்மா இருப்பதில்லை. எடை ஏறினால் அவையும் உப்பும்.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கொழுப்பு மெலிவதற்குப் பதில் அதே இடத்தில் கெட்டியாக வளர்ந்துவிடுகிறது. 2014இல் இது முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது. தனக்கு இப்படி நேர்ந்து உருவமே மாறிப்போனதை மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா 2021இல் வெளிப்படையாகச் சொன்னார். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் தீர்வு. கத்தி வேண்டாம் என்று போனவர் கத்திக்கே திரும்ப நேரும். கையெழுத்துப் போடுமுன் இதைச் சொல்லாத இடத்தில் நான் கால் வைக்கமாட்டேன். குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், குளிர் பட்டால் ரத்தத்தில் கோளாறு வரும் சில நோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது.

தையல் டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றினேன். 96 சென்டிமீட்டர். தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னேன். பக்கவாட்டில் கிள்ளினால் கை நிறைய வந்தது. முன்வயிற்றில் இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம்தான் வந்தது. அதற்குக் கீழே கெட்டியாக, மேடாகவே நின்றது வயிறு.

“அப்போ முன்னாடி இருக்கிறதுக்கு?”

“அது மிஷினுக்கு எட்டாது. நடைக்கும் சாப்பாட்டைக் குறைக்கிறதுக்கும்தான் அசையும். அதுவும் பெரும்பாலும் முதலில் அசையறது அதுதான்.”

“பக்கவாட்டுக்கு?”

“எடை இறங்கி ஆறு மாசம் ஒரே இடத்தில் நிக்கட்டும். அப்பவும் இந்த மடிப்பு போகலேன்னா, தோல் மருத்துவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். முதல்ல ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துட்டு வா.”

அவள் துண்டறிக்கையைத் திருப்பி, பின்பக்க வெற்றிடத்தில் அன்றைய தேதியும் 96 என்றும் எழுதிக்கொண்டாள்.