ஊட்டிக்கு மே மாதமா போகிறீர்கள்? மார்கழி, தையில் நடக்கும் அதிசயங்கள் தெரியுமா?

ஊட்டி என்றாலே மே மாதம், மலர்க்கண்காட்சி, மேட்டுப்பாளையத்திலேயே நின்றுபோகும் வண்டி வரிசை. இதுதானே நம் நினைவுக்கு வருகிறது? ஆனால் அந்த மலை தன் வித்தைகளை அவிழ்த்துவிடுவது பனிக்காலத்தில்! எந்த வாரம் போவது, எத்தனை மணிக்கு எழுவது, பையில் என்ன வைப்பது என்பதெல்லாம் இந்த ஆச்சரியங்களுக்குள்ளேயே இருக்கிறது. வாருங்கள், ஏறுவோம்!

ஈரோடும் ஊட்டியும் ஒரே கோட்டில்!

தெரியுமா? வெயிலுக்குப் பேர்போன ஈரோடும் குளிருக்குப் பேர்போன ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை சொச்சம்தான் வடக்கே! பிறகு ஏன் அங்கே மின்விசிறி, இங்கே கம்பளி? எல்லாம் உயரம் செய்யும் வேலை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும். அடிவாரத்தில் வியர்த்து வழிந்தவர் மேலே போய் இறங்கும்போது 12 பாகையைத் தொலைத்திருப்பார். அதனால் ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்!

வானத்திலிருந்து விழாத பனி!

விடிகாலையில் புல்வெளி முழுக்க வெள்ளை! காஷ்மீர்போலப் பனி கொட்டியிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இரவு வானிலிருந்து எதுவுமே விழவில்லை. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு உறைநிலைக்குக் கீழே போய்விடும். அதன் மேல் படும் நீராவி அப்படியே பனித்துகளாகப் படிந்துவிடும். இதுதான் உறைபனி. இதற்கு முன்னோட்டமாக மழைக்காலம் ஓயும் தறுவாயில் நீர்ப்பனி வரும். அப்புறம்தான் பெரியவர் வருவார்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 பாகை காட்டும்போதே காலடியில் புல் உறைந்து கிடக்கும்! காற்றை விடத் தரைதான் முதலில் குளிர்கிறது.

உச்சியை விடப் பள்ளத்தில் குளிர் அதிகம்!

அதிகக் குளிர் வேண்டும் என்று தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவுக்கு, 2,637 மீட்டர் உயரத்துக்கு, ஓடுகிறீர்களா? நில்லுங்கள்! குளிர்ந்த காற்று கனமானது. இரவு முழுக்கச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் தெளிவான இரவுகளில் மேட்டை விடப் பள்ளத்தில்தான் உறைபனி கெட்டியாகப் படியும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி, தாவரவியல் பூங்காவின் புல்தரை ஆகியவைதான் உறைபனிக்குப் பேர்போன இடங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறேமுக்கால் ஆகும். வெயில் பட்ட சிறிது நேரத்தில் வெள்ளையெல்லாம் மாயம்! எட்டரைக்குக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் ஈரப்புல்லைத்தான் பார்ப்பார்.

அவலாஞ்சி என்றேனே, அதன் இன்னொரு முகம் தெரியுமா? 2019 ஆகஸ்ட் 8 அன்று 24 மணி நேரத்தில் அங்கே கொட்டிய மழை 82 சென்டிமீட்டர். சென்னை ஓர் ஆண்டில் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேல், ஒரே நாளில்! அதே ஊரில் சில மாதங்கள் கழித்துப் புல்மேல் பனி உறையும்.

காட்டுக்கு எல்லை போடும் தோட்டக்காரர் யார்?

நீலகிரியின் மேல்மலையில் ஒரு விந்தையைப் பார்க்கலாம். மலைமடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு, சுற்றிலும் வெறும் புல்வெளி! யாரோ கத்தரித்து வைத்த மாதிரி எல்லை. இதற்கு அறிவியலாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று இதே உறைபனிதான். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளைப் பனி கருக்கிவிடுகிறது. புல் மட்டும் தாக்குப்பிடித்து மறுபடி தழைக்கிறது. மரங்கள் பாதுகாப்பாக மடிப்புக்குள்ளேயே இருந்துகொள்கின்றன.

பனி தேயிலையையும் விடுவதில்லை. விவசாயிகள் தாகை என்னும் பெரணிச் செடியை வெட்டி வந்து தேயிலைச் செடிகளுக்குப் போர்த்துகிறார்கள். தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் செடிதான் போர்வை. விடியலில் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் காட்சியும் அங்கே உண்டு.

தேயிலைக்கு மணம் தரும் குளிர்!

கருக்கும் அதே குளிர்தான் மணமும் தருகிறது என்றால் நம்புவீர்களா? குளிர்ந்த, வறண்ட இரவுகளில் தேயிலைத் துளிர் மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளரும் இலையில் மணம் செறிகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் இலையில் செய்யும் நீலகிரி பனிக்காலத் தேயிலைக்கு வெளிநாட்டிலும் ரசிகர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கும்போது எந்த மாதத்து இலை என்று கேளுங்கள். பால் ஊற்றாமல் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்!

அந்தத் தேநீருக்குத் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்? நூறா? இல்லவே இல்லை! அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறதே என்று சமையலறை உள்ள வீட்டில் தங்குகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். குக்கர் கையில் இருந்தால் தப்பித்தீர்கள்!

காஷ்மீரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்!

நாம் மட்டும்தான் குளிர்கால விடுமுறைக்கு ஊட்டி போகிறோமா? காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற குட்டிப் பறவையும் வருகிறது! இமயத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நீலகிரிக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் பறந்து வருகிறது. ஆண் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. நமக்கு உதறல் எடுக்கும் ஊட்டிக் குளிர், அதற்கு இதமான வானிலை!

வந்துபோகும் உறவினர் அது. இங்கேயே தங்கிவிட்ட உறவினர் காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடெண்ட்ரான் மரம். இதன் நெருங்கிய சொந்தங்கள் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலையில் இருக்கின்றன. இடையில் உள்ள சமவெளியில் ஒன்றுகூடக் கிடையாது. உலகமே குளிர்ந்திருந்த பனியுகத்தில் தெற்கே பரவி, பிறகு வெப்பம் ஏறியதும் மலையுச்சியில் ஒதுங்கிக்கொண்டது என்று விளக்குகிறார்கள். ஊரெல்லாம் வாடிக் கிடக்கும் பனிக்காலத்தில்தான் இது செக்கச்செவேலெனப் பூக்கத் தொடங்கும்!

பின்னாலிருந்து தள்ளும் ரயில்!

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குக் கிளம்பும் மலை ரயிலில் எஞ்சின் எங்கே இருக்கும் தெரியுமா? பின்னால்! மேலேறும்போது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் போகும். கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வழுக்காமல் இருக்க நடுவே பல் வைத்த தண்டவாளம், அதைக் கவ்விப் பிடிக்கும் பல்சக்கரம். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். இறங்கும்போது அதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம்! 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் வந்த இந்தப் பாதைக்கு 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

ஆனால் ஒன்று: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். ரயிலுக்காகவே போகிறவர்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே உட்காருங்கள்!

மலைச்சரிவே தொலைநோக்கி!

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் நிறைவடைந்தது. ஏன் இந்த ஊர்? சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதேதான்! அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழன்று ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர முடியும். இயற்கை வெட்டி வைத்த சாய்தளம்!

கருவியே இல்லாமலும் வானம் பார்க்கலாம். ஜனவரி இரவு எட்டு, ஒன்பது மணிவாக்கில் தென்கிழக்கைப் பாருங்கள். இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ், அதற்குக் கீழே தெற்கில் இரண்டாம் இடத்துக்காரரான அகத்திய நட்சத்திரம். இரண்டும் ஒரே பார்வையில்! லண்டன்காரருக்கு இந்த அகத்தியர் தரிசனம் கிடைக்கவே கிடைக்காது.

திருவிழாவும் இப்போதுதான்!

படுகர் மக்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரியில் வரும். வெள்ளை உடையில் ஊர் ஊராக மக்கள் நடந்துபோகும் காட்சி கண்கொள்ளாது. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் கேமராவை நீட்டும் முன் அனுமதி கேட்பது மரியாதை.

போகிறபோக்கில் இன்னும் சில...

ஜபல்பூரில் 1875இல் பிறந்த ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்! ஊட்டி ஏரி இயற்கையானது அல்ல, கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் வெட்டுவித்தது! தாவரவியல் பூங்காவில் கிடக்கும் கல்மரத்தின் வயது 2 கோடி ஆண்டுகள்! தேநீரில் தோய்த்துத் தின்னும் ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது! கல்லட்டி மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 36!

கிளம்பும் முன் சரிபாருங்கள்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகளில் மே மாதக் கூட்டம் மறுபடி வந்துவிடும். பொங்கல் முடிந்து ஊர் அடங்கியபின், வார நாட்களில் போனால் அறை வாடகையும் குறையும், சாலையும் காலியாகும். வாகனத்துக்கு இ-பாஸ் 2024 மே முதல் கட்டாயம். இணையத்தில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, ஆகவே எவர்சில்வர் பாட்டில். இறக்கத்தில் வண்டியை இரண்டாம் கியரிலேயே விடுங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். குளிர்தானே என்று நண்பகல் வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், முகம் கறுத்துத் திரும்புவீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

மே மாதத்தில் போனால் மலர் பார்க்கலாம். பனிக்காலத்தில் போனால் அந்த மலை எப்படி இயங்குகிறது என்பதையே பார்க்கலாம். நாட்காட்டியை எடுங்கள், பொங்கலுக்குப் பிந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையை வட்டமிடுங்கள், அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள்!