வில்லன் இல்லாத திகில்

திகில் கதை என்றால் கெட்டவன் ஒருவன் இருந்தாக வேண்டும். சிட்னி லக்கெம்பாவில் பிறந்த கென்னத் குக் 1961இல் எழுதிய ‘வேக் இன் ஃபிரைட்’ நாவலில் அப்படி யாரும் கிடையாது. பீர் வாங்கித் தருகிறார்கள், சோறு போடுகிறார்கள், படுக்க இடம் கொடுக்கிறார்கள். அந்த உபசாரத்திலேயே ஒரு மனிதன் சீரழிகிறான்.

ஜான் கிராண்ட் இளம் ஆசிரியன். கல்வித் துறையோடு போட்ட ஒப்பந்தத்துக்காகப் பொட்டல்வெளிப் பள்ளி ஒன்றில் காலம் தள்ளுகிறான். ஆஸ்திரேலியாவின் 491 விசாவுக்காக மூன்று ஆண்டுகள் பெருநகரை விட்டு ஒதுங்கி இருந்துவிட்டு சிட்னியின் நார்த்மீட், வென்ட்வர்த்வில் பக்கம் வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு அவன் தவிப்பை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு சிட்னி கிளம்பியவன், வழியில் ஒரு சுரங்க நகரத்தில் ஓர் இரவு தங்குகிறான். குக் பத்திரிகையாளராக வேலை பார்த்த புரோக்கன் ஹில்தான் அது. பெயர் மட்டும் வேறு. அங்கே ‘டூ-அப்’ சூதாட்டம். சிறு பலகையில் இரண்டு காசுகளை வைத்து மேலே வீசுவார்கள். தலையா, பூவா என்று பந்தயம். முதலில் கை நிறைய வருகிறது. அறைக்குத் திரும்பியும் மனசு அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஜெயித்தால் ஒப்பந்தத்தையே உதறிவிடலாமே! மறுபடி போகிறான். எல்லாம் போகிறது.

அந்த ஊர்க்காரர்களைப் பாமரர் என்று மனதுக்குள் இளக்காரமாகப் பார்த்தவன்தான் கிராண்ட். இப்போது அவர்கள் ஊற்றுவதைக் குடிக்கிறான். இரவில் வெளிச்சம் பாய்ச்சிக் கங்காரு வேட்டைக்கும் போகிறான். யாரும் அவனைக் கட்டி இழுத்துப் போகவில்லை. அடிபட்ட கங்காருவைக் கத்தியால் முடிக்கும் கை அவனுடையது. படிப்பும் ரசனையும் மனிதனை எங்கே காப்பாற்றும், எங்கே கைவிடும் என்று இதைவிட நேராகக் கேட்ட நாவலை நான் அதிகம் படித்ததில்லை.

1971இல் கனடாக்காரரான டெட் கோட்செஃப் இதைப் படமாக்கினார். கான் திரைப்பட விழாவில் போட்டியிட்ட படம், இங்கே ஆஸ்திரேலியாவில் ஓடவில்லை. நம்மை இப்படிக் காட்டுவதா என்ற கோபம். அந்நியனின் பார்வை என்று தள்ளிவிடவும் வழியில்லை, மூலக்கதை உள்ளூர்க்காரருடையது. வேட்டைக் காட்சிகள் உண்மையானவை என்பதால் எழுந்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்த உயிர்களுக்காகப் படத்தைப் பார்க்க மறுப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

தொலைந்துபோன நெகடிவை, படத்தொகுப்பாளர் ஆண்டனி பக்லி பல ஆண்டுகள் தேடி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், அழிக்க ஒதுக்கிவைத்த பெட்டிகளிலிருந்து மீட்டார். 2009இல் கான் மறுபடி திரையிட்டது. ஆனால் முதலில் நாவலைப் படியுங்கள். சிறிய புத்தகம். அதில் ஓர் உயிரும் நிஜமாகச் சாகவில்லை. இருந்தும் அந்த வேட்டை இரவைக் கடப்பது லேசில்லை.