வீட்டிலிருந்தே கிட்டார் கற்க முடியுமா? ஸ்கேல், கார்டு, தியரி... ஆன்லைனில் எதை முதலில் படிப்பது?

"ஏங்கண்ணு, வாங்கி மூணு மாசமாச்சு... ஒரு பாட்டு முழுசா வந்த பாடில்லையே?" கோவை ஆர்.எஸ்.புரத்தில் கிட்டார் இருக்கும் பல வீடுகளில் கேட்கக்கூடிய கேள்விதான் இது. பையனோ பொண்ணோ சும்மா இருக்கவில்லை. தினமும் செல்போனில் கிட்டார் வீடியோ ஓடுகிறது. ஆனாலும் கை நகரவில்லை. ஏன்?

இது கோவைக்கு மட்டும் உள்ள பிரச்னை இல்லை. உலகின் பெரிய கிட்டார் நிறுவனங்களில் ஒன்றான ஃபெண்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனி, புதிதாக கிட்டார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். பலர் மூன்று மாதம்கூட தாண்டுவதில்லையாம். கிட்டார் விற்கும் நிறுவனமே சொன்ன கணக்கு என்பதால் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003 முதல் தன் 'ஜஸ்டின் கிட்டார்' தளத்தில் அடிப்படைப் பாடங்களை இலவசமாகத் தருகிறார். அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி, கோர்செரா தளத்தில் கிட்டார் தொடக்கப் பாடம் வைத்திருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், வரிசையில்தான். இன்று ஒரு பாட்டின் இன்ட்ரோ, நாளை ஒரு சோலோ, மறுநாள் 'ஐந்தே நிமிடத்தில் தியரி' என்று தாவினால் எதுவும் ஒட்டாது.

ஸ்கேல் என்றால் என்ன?

கிட்டாரில் ஒரு கட்டம், அதாவது ஒரு ஃபிரெட், நகர்ந்தால் அரை ஸ்வரம். 12 கட்டம் போனால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வந்துவிடும். இந்த 12-ல் இருந்து ஏழைத் தேர்ந்தெடுக்கும் கணக்குதான் ஸ்கேல். மேஜர் ஸ்கேலுக்கான கணக்கு: 2-2-1-2-2-2-1.

இப்போதே செய்து பார்க்கலாம். கீழிருந்து இரண்டாவது கம்பி, அதாவது பி கம்பியை மட்டும் எடுங்கள். 1, 3, 5, 6, 8, 10, 12, 13 ஆகிய கட்டங்களை வரிசையாக வாசியுங்கள். சி மேஜர் ஸ்கேல் வந்துவிட்டது. காதுக்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். கர்நாடக சங்கீதத்தில் 29-வது மேளகர்த்தாவான தீர சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான் இவை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் கால மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு 'நோட்டுஸ்வரம்' பாடல்களை அமைத்ததும் இந்த ஸ்வரங்களில்தான்.

பாட்டு கிளாஸ் போன பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. இயற்கை மைனர் ஸ்கேல் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. கிட்டார் வீடியோக்களில் அடிக்கடி வரும் மேஜர் பென்டடோனிக் நம்ம மோகனம். மைனர் பென்டடோனிக் சுத்த தன்யாசி. ஆனால் ஒன்று: ஸ்வரம் ஒன்று என்பதால் ராகமும் ஸ்கேலும் ஒன்றாகிவிடாது. ராகத்துக்கு கமகம், பிரயோகம் எல்லாம் உண்டு. அதை கிட்டாரில் கொண்டுவர கம்பியை இழுக்கவும் வழுக்கவும் தனியாகப் பழக வேண்டும். கர்நாடக இசையை கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டால் வித்தியாசம் புரிந்துவிடும்.

கார்டு எப்படி உருவாகிறது?

இங்கேதான் பெரும்பாலானோர் மனப்பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். விரல் எங்கே வைப்பது என்ற படத்தைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். ஏன் அங்கே என்று கேட்பதில்லை.

ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் கார்டு. ச, க, ப. சி மேஜருக்கு சி, இ, ஜி. முதல் இரண்டுக்கும் இடையே நான்கு கட்டம், அடுத்த இரண்டுக்கு மூன்று கட்டம் என்றால் மேஜர். முதலில் மூன்று, பிறகு நான்கு என்றால் மைனர். வித்தியாசம் நடு ஸ்வரம் ஒரு கட்டம் இறங்குவது மட்டும்தான். பாட்டு சட்டென்று சோகமாக மாறுவது போலத் தோன்றுவது பல நேரம் இதனால்தான்.

இ மைனர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது, நான்காவது கம்பிகளில் இரண்டாவது கட்டத்தில் இரண்டு விரல் வைத்தால் போதும். ஆறு கம்பியும் ஒலிக்கும். எண்ணிப் பார்த்தால் அதில் இருப்பது இ, ஜி, பி என்ற மூன்றே ஸ்வரங்கள். மற்றவை அவற்றின் மறுபதிப்பு. இது புரிந்துவிட்டால், சி ஸ்கேலில் இருந்து சி, எஃப், ஜி மேஜர்களும் டி, இ, ஏ மைனர்களும் தானாக வருவதும் புரியும். ஏராளமான சினிமா பாடல்களுக்கு இந்த ஆறே போதும்.

எஃப் கார்டில் நின்றுபோனால்?

பலர் கிட்டாரைப் பரணில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டும், சத்தமே வராது. அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. கீழே உள்ள நான்கு கம்பிகளில் மட்டும் சின்ன எஃப் வாசித்துப் பழகலாம். அல்லது காப்போ மாட்டி, சுலபமான கார்டு வடிவங்களிலேயே பாட்டை வேறு சுருதிக்கு மாற்றலாம்.

தப்பு கை மேல் இல்லாமலும் இருக்கலாம். விலை குறைந்த கிட்டார்களில் கம்பி பலகையை விட்டு உயரமாக நிற்கும். கடையில் கொடுத்து உயரத்தைச் சரிசெய்தால் பாதி வலி போய்விடும். விரல் நுனி எரிவது முதல் சில வாரங்களுக்கு சகஜம். மணிக்கட்டு வலித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ அது சகஜம் இல்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வீடியோவால் முடியாதது

உங்கள் மணிக்கட்டு வளைந்திருப்பதை வீடியோ பார்க்காது. தாளம் ஓடுவதையும் சொல்லாது. இளையராஜா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். அவருக்கும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்ற குரு இருந்தார். எம்.எஸ்.விஸ்வநாதன் கோவையில் ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை பார்த்த காலத்தில், எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசைக்குழுவைப் பக்கத்தில் இருந்து கவனித்தே வளர்ந்தார். கவனிக்க ஒரு ஆள், கவனிக்கப்பட ஒரு ஆள்... அந்த ஏற்பாடு செல்போனில் இல்லை.

முழு நேர கிளாஸ் கட்டுப்படியாகாதவர்கள் பாடத்தை ஆன்லைனில் படித்துவிட்டு, மாதம் ஒன்றிரண்டு முறை மட்டும் பக்கத்தில் உள்ள ஆசிரியரிடம் வாசித்துக் காட்டலாம். மற்ற நாட்களில் போனை எதிரே நிறுத்தி உங்கள் கையை நீங்களே வீடியோ எடுத்துப் பாருங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனால் தப்பு உடனே தெரியும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, சி-யில் இருந்து ஏ மைனருக்கு மாறுங்கள். இரண்டுக்கும் சி, இ பொது என்பதால் இரண்டு விரல் நகரவே வேண்டாம். யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தாலும் சுருதி மாறாது, கூடவே வாசிக்கலாம்.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்கு டிரினிட்டி தேர்வுகள் இனிஷியல் முதல் 8-வது கிரேடு வரை இருக்கின்றன. 2020 முதல் டிஜிட்டல் முறையும் உண்டு. வாசிப்பதை வீடியோ எடுத்து பதிவேற்றினால் போதும். அதற்கு முன் கிட்டாரை ட்யூனர் ஆப்பில் சுருதி சேர்த்துவிட்டு, ஒவ்வொரு கம்பியின் 12-வது கட்டத்தையும் அழுத்தி ஆப்பில் சரிபாருங்கள். அங்கே ஸ்வரம் விலகினால், கம்பி மாற்றவோ கடைக்கு எடுத்துப் போகவோ நேரம் வந்துவிட்டது.