காளானைப் பறிக்குமுன் இடத்தைப் பாருங்கள்

இரவில் இடி இடித்து ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் போதும். மறுநாள் விடியற்காலையில் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பெண்களும் பிள்ளைகளும் கூடையுடன் கிளம்பிவிடுவார்கள். கறையான் புற்றைச் சுற்றி முளைக்கும் புற்றுக் காளானுக்கு அவ்வளவு கிராக்கி. சிதம்பரம் பக்கத்தில் வைக்கோல் மக்கிக் கிடக்கும் இடங்களில் வைக்கோல் காளான் தலைகாட்டும். வீட்டுக்குப் போக மீந்ததை ரோட்டோரத்தில் வைத்து விற்றால் கையில் நாலு காசும் சேரும்.

காளான் நல்ல உணவுதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். மிச்சமுள்ள பத்துப் பங்கில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கின்றன. பொட்டாசியமும் பாஸ்பரசும் தாராளம். சுண்ணாம்புச் சத்து மட்டும் குறைவு. துத்தநாகம், தாமிரம், இரும்பு, செலினியம் போன்றவை நுண்ணளவில் உண்டு. ஆனால் இந்த நுண்சத்துகள் வரும் வழியாகவே காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற வேண்டாத உலோகங்களும் உள்ளே வந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

காரணம், காளான் வளரும் விதம். நாம் பறிக்கும் குடை அதன் காய் போன்றது. உண்மையான உடல், நூலைவிட மெல்லிய பூசண இழைகளாக மண்ணுக்குள்ளும் மட்குக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. இந்த இழைகள் அமிலங்களைச் சுரந்து மண்ணில் ஒட்டியிருக்கும் தாதுக்களைக் கரைத்து உறிஞ்சுகின்றன. துத்தநாகமும் காட்மியமும் இரசாயன குணத்தில் நெருங்கிய உறவு. அதனால் துத்தநாகத்துக்குத் திறக்கும் கதவில் காட்மியமும் நுழைகிறது. குடைக்குள் போனதும் புரதங்களோடு பிணைந்து தங்கிவிடுகிறது. பொதுவாகத் தண்டைவிடக் குடையிலும் அதன் அடியிலுள்ள மடிப்புகளிலும்தான் உலோகம் அதிகம்.

எல்லா இனமும் ஒன்றல்ல. புல்வெளிகளில் தானாக முளைக்கும் அகாரிகஸ் இனங்களில் சில, காட்மியத்தையும் பாதரசத்தையும் மண்ணில் உள்ளதைவிடப் பல மடங்கு சேர்த்து வைப்பவை. புற்றுக் காளானோ கறையான் இலை தழைகளை மென்று கட்டிய தோட்டத்தில் வளர்வது. கறையான் ஆழத்து மண்ணை மேலே கொண்டு வருவதால் தாதுக்களுக்குக் குறைவில்லை. அந்த மண்ணும் தழையும் சுத்தமாக இருக்கும் வரை பயமில்லை.

நம் பகுதியில் கவனிக்க வேண்டிய இடங்கள் எவை? முதலாவது, கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி 1980-களில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டை. உப்பனாற்றின் நீரிலும் வண்டலிலும் கன உலோகங்கள் இருப்பதைப் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் உட்படப் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கழிவு நீர் பாய்ந்த வாய்க்கால் கரையிலும், தூர் வாரிக் கொட்டிய வண்டல் மேட்டிலும் முளைத்த காளானைத் தொடாதீர்கள். அடுத்தது நெய்வேலிப் பக்கம். 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரி எரிகிறது. சாம்பலில் பல உலோகங்கள் செறிந்திருக்கும் என்பதால், சாம்பல் கொட்டிய பள்ளங்களைத் தவிர்ப்பது நல்லது. மூன்றாவது, நெடுஞ்சாலை ஓரம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது உண்மை. ஆனால் அதற்கு முன் புகையில் வந்து படிந்த ஈயம் மண்ணை விட்டு எளிதில் போவதில்லை. பழைய பேட்டரி உடைக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு மனிதன் மாதத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் காட்மியத்துக்கு மேல் உட்கொள்ளக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பும் உலக உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நியமித்த வல்லுநர் குழு 2010-இல் வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது மாதம் 1.25 மில்லிகிராம். கெட்ட மண்ணில் முளைத்த பச்சைக் காளானில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கால் கிலோ வீதம் ஐந்து வேளை சாப்பிட்டால் மாதக் கணக்கு முடிந்துவிடும். சோற்றிலும் கீரையிலும் வருவது இதற்கு மேல். குழந்தையின் எடை குறைவு என்பதால் அளவும் குறைந்துவிடும். சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன நெல்லை உண்டு எலும்பு நொறுங்கிய மக்களின் நோய்க்கு இந்தக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது.

வேகவைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். உலோகம் நெருப்பில் அழிவதில்லை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் ஒரு பகுதி போகும், அவ்வளவுதான். உலர்த்தினால் எடை பத்தில் ஒன்றாகக் குறைவதால், கிலோ கணக்கில் உலோகம் பத்து மடங்காகத் தெரியும். பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனைகள் உலோகத்தையும் காட்டாது, நஞ்சுக் காளானையும் காட்டாது. அவற்றை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு.

காளான் வளர்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நெற்பயிர் உறிஞ்சும் காட்மியம் நெல்மணியைவிட வைக்கோலில்தான் அதிகம் தங்குகிறது. ஆகவே கழிவு நீர் பாய்ந்த வயலின் வைக்கோலைப் படுக்கைக்கு வாங்காதீர்கள், விலை மலிவாக வந்தாலும் சரி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்றாக வருவதால் நம் மாவட்டத்துக்கு ஏற்றது. அதன் படுக்கைமேல் மண் பரப்ப வேண்டும். அந்த மண்ணைச் சாலையோரத்திலோ சாம்பல் கலந்த இடத்திலோ வெட்டக் கூடாது.

சாதாரண மண் பரிசோதனையில் துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு வரை தெரியும். காட்மியமும் ஈயமும் அதில் வராது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். சந்தேகமுள்ள நிலம் வைத்திருப்பவர்கள் விருத்தாசலம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண்மைப் புலத்திலோ யோசனை கேட்கலாம். மாதிரி எடுக்கும்போது இரும்புக் கொத்து வேண்டாம். மரக்குச்சியால் தோண்டி, சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு, வெட்டிய இடத்தையும் தேதியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.