செவிடன் காதில் ஊதிய சங்கா?



"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று ஒரு பழமொழி. நானும் மேடையிலே சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். சொன்ன வாயும் வெட்கப்பட வேண்டும், சிரித்த வாயும் வெட்கப்பட வேண்டும். கேளாதவன் மீதே குற்றம் சாட்டுகிறது அந்தப் பழமொழி. ஊதியவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதுண்டா? "காது கேளாதவன் என்று தெரிந்தும் சங்கை ஏனப்பா எடுத்தாய்? கையால் காட்டியிருக்கலாமே! எழுதிக் காட்டியிருக்கலாமே!"

ஆலையிலே ஆபத்துச் சங்கு அலறுகிறது. ஆயிரம் பேர் ஓடுகிறார்கள். ஒருவன் மட்டும் எந்திரத்தருகே நிற்கிறான். சுவரிலே ஒரு சிவப்பு விளக்கு மின்னியிருந்தால் அவனும் ஓடியிருப்பான். புயல் வருகிறது, ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகச் செல்கிறது, ஒரு வீட்டிலே மட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. காவல் நிலையத்திலே கேள்வி கேட்கிறார்கள். பதில் சொல்ல அவனுக்கு மொழி உண்டு, அதைப் புரிந்துகொள்ள அங்கே ஆள் இல்லை. இது காதின் குறையா? ஏற்பாட்டின் குறையா?

2011 மக்கள்தொகைக் கணக்கு, இந்த நாட்டிலே செவித்திறன் குறைந்தோர் 50 லட்சத்துக்கும் மேல் என்றது. 50 லட்சம் குடிமக்கள்! 50 லட்சம் அனுதாபப் பெருமூச்சுகள் அல்ல அவர்கள் கேட்பது. உரிமை கேட்கிறார்கள்.

அவர்கள் பேசுவதை "ஊமைச் சாடை" என்று ஏளனம் செய்வோர் உண்டு. சாடையல்ல தோழர்களே, மொழி! இலக்கணம் உள்ள மொழி. இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் பேசுவது ஒரே ஆங்கிலம். ஆனால் இரு நாட்டுச் சைகை மொழிகளும் வேறு வேறு. வாய்மொழியின் நிழலாக இருந்தால் இப்படி இருக்குமா?

அந்த மொழிக்கும் ஒரு காலத்தில் தடை போட்டார்கள். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரிலே கல்வியாளர் மாநாடு ஒன்று கூடியது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். கேளாதோர் பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று தீர்மானம் போட்டார்கள். பிள்ளைகளின் மொழி வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்டது. சைகை செய்த பிஞ்சுக் கைகளிலே அடி விழுந்தது. அந்தத் தவற்றுக்கு அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் வருத்தம் தெரிவித்த ஆண்டு 2010. நூற்று முப்பது ஆண்டுகள்! 1938-ஐயும் 1965-ஐயும் கண்ட நமக்கு, மொழித் திணிப்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அடி வாங்கியவர்கள் அடங்கியே கிடந்தார்களா? இல்லை! வாஷிங்டனில் காலடெட் பல்கலைக்கழகம், கேளாதோருக்கென்றே அமைந்தது. 1864-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. 124 ஆண்டுகளாக அதன் தலைவர் பதவியில் காது கேளாதவர் ஒருவர்கூட அமர்ந்ததில்லை. 1988 மார்ச்சில் இறுதிப் பட்டியலில் மூவர். அவர்களில் இருவர் கேளாதவர். நிர்வாகமோ, காது கேட்கும் மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயிற்கதவுகளை மூடினார்கள்; வீதியிலே திரண்டார்கள். ஒரே வாரம்! புதிய தலைவர் விலகினார். கேளாதவரான கிங் ஜார்டன் தலைவரானார். ஒலியின்றி எழுந்த முழக்கம் உலகத்துக்கே கேட்டது.

1990-இல் அமெரிக்காவிலே இன்னொரு சட்டம் வந்தது. 13 அங்குலமும் அதற்கு மேலும் திரை கொண்ட தொலைக்காட்சிப் பெட்டிகளில், பேச்சை எழுத்தாகக் காட்டும் கருவி 1993 முதல் கட்டாயம். கெஞ்சிப் பெற்ற சலுகையா அது? சட்டம் போட்டுப் பெற்ற உரிமை!

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பும் எழுத்து வரிகளும் வேண்டும் என்கிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்காதே, கட்டாயமாக்கு என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஏட்டிலே இருப்பது வீட்டிலே வந்து சேர வேண்டாமா?

அரசைக் கேட்குமுன் நம்மையே கேட்போம். பேசிப் பேசி வளர்ந்தது நம் இயக்கம். ஊமைப்படக் காலத்திலே, திரையில் எழுத்து வரும். படிக்கத் தெரிந்தால் கேளாதவனும் கேட்பவனும் சமமாக அமர்ந்து பார்த்தார்கள். 1931-இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. அந்தப் பேசும் படத்தையே படைக்கலமாக்கினோம், கோட்டையைப் பிடித்தோம். ஆனால் அன்று அரங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு தோழனைத் திரும்பிப் பார்த்தோமா? நாம் கைதட்டினால் அவனும் தட்டுகிறான்; எதற்காக என்று அவனுக்குச் சொன்னோமா?

இனிச் சொல்வோம். கூட்டத்துக்குப் பந்தல் போடும்போது, பேச்சாளர் பக்கத்திலே சைகை மொழிபெயர்ப்பாளருக்கும் ஓர் இடம் போடுங்கள். அவர் முகமும் கைகளும் தெரிய விளக்கும் போடுங்கள். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு படத்திலும் எழுத்து வரி இருக்கட்டும். தொழிற்சங்கத் தோழர்கள், சங்கோடு விளக்கும் வேண்டும் என்று கோரிக்கைப் பட்டியலிலே சேர்க்கட்டும். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் மொழிபெயர்ப்பாளர் கேட்டுக் குரல் கொடுங்கள். அந்தக் கோரிக்கைகளை அவர்களைக் கலந்தே எழுதுங்கள்; அவர்களையே முன்வரிசையில் நிறுத்துங்கள்.

பழமொழியை இன்றோடு புதைப்போம். அவர்கள் காது கேளாதவர்கள், அது இயற்கை. அவர்கள் கைகள் பேசும்போது நாம் காணாதிருக்கிறோமே, அதற்கு என்ன பெயர்?